சாவியை மூன்று முறை திருப்பிப் பாருங்கள், டீச்சர்

கேள்வி: ஐயா, நான் உடுமலைப்பேட்டை பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. என்னுடையது 2011 மாடல் மாருதி ஆல்டோ, பெட்ரோல். 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்கு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் பிடிக்கிறது. சாயங்காலம் பள்ளியிலிருந்து கிளம்பும்போதும் அப்படித்தான். வழியில் கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஓடும்போது இழுவையில் குறை இல்லை. பேட்டரி புதிது போட்டேன், பிளக் மூன்றும் மாற்றினேன், செல்ஃப் மோட்டாரையும் கழற்றி சர்வீஸ் செய்தார்கள். 9,000 ரூபாய் ஆகிவிட்டது. இப்போது பெட்ரோல் பம்ப்பை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வீட்டுக்காரர் வண்டியை விற்றுவிடலாம் என்கிறார். எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் இப்படி என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம் டீச்சர்.

வண்டியை விற்கவும் வேண்டாம், பம்ப்பை நாளைக்கே மாற்றவும் வேண்டாம். மூன்று நாள் பொறுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எப்போது பிடிக்கிறது, எப்போது பிடிப்பதில்லை என்று நீங்களே பிரித்து எழுதியிருக்கிறீர்கள். மெக்கானிக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல தகவல் அதுதான். உங்கள் வண்டியைத் தொட்ட யாராவது முதல் நாளே இதைக் கேட்டிருந்தால், பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் போயிருக்கவே வேண்டியதில்லை. அந்த 9,000 ரூபாயை நினைத்தால் எனக்கே மனசு பொறுக்கவில்லை.

'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறோம். அதற்குள் இரண்டு வியாதி இருக்கிறது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து செல்ஃப் சுற்றாமலே நிற்பது ஒன்று. அது பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் சம்பந்தப்பட்டது. செல்ஃப் 'கர்ர் கர்ர்' என்று வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காதது இன்னொன்று. அங்கே பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் கரண்ட் வருகிறதா, காற்று சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். உங்களுடையது இந்த இரண்டாவது வகை.

பேட்டரி மேல் சந்தேகம் வந்தாலும் அளந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை நிற்க வேண்டும். அடுத்த முறை யாராவது பேட்டரி மாற்றச் சொன்னால் இந்த எண்களைக் கேளுங்கள். மீட்டர் வைக்காமல் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம்.

பெட்ரோல் டேங்க்குக்குள்ளேயே ஒரு கரண்ட் பம்ப் மூழ்கிக் கிடக்கிறது. அது பெட்ரோலை அழுத்தி முன்னால் இன்ஜெக்டர்களுக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ, அதாவது டயரில் அடிக்கிற காற்றைப்போல ஒன்றரை மடங்கு. அழுத்தம் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பனிபோலத் தூவும், பிளக்கின் பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். அழுத்தம் இல்லாவிட்டால் வருவது வெறும் ஒழுக்கு, அது பற்றாது.

இன்ஜினை நிறுத்தியதும் பம்ப்பும் நின்றுவிடும். ஆனால் பைப்புக்குள் இருக்கிற அழுத்தம் அப்படியே தங்க வேண்டும். அதற்காக பம்ப்பின் வாயில் சின்னதாக ஒருவழி வால்வு வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் கிணற்று மோட்டார் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள், அதனால் இப்படிச் சொன்னால் சட்டென்று புரியும்: பைப்பின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வு ஒழுகினால் பைப்பில் நின்ற தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாகக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். காலையில் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. மறுபடி தண்ணீர் ஊற்றி நிரப்பித்தான் ஓட்ட வேண்டும். உங்கள் ஆல்டோவிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். கடையில் பத்து நிமிடம் நிறுத்தினால் அழுத்தம் முழுதாக இறங்க நேரம் போதாது, அதனால் உடனே பிடிக்கிறது. ராத்திரியிலும் பள்ளியில் எட்டு மணி நேரத்திலும் முழுக்க இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புகிறது, மூன்றாவது தடவையில் அழுத்தம் வந்து சேருகிறது.

ஆனால் 'நினைக்கிறேன்' என்றுதான் சொல்கிறேன். இதே அறிகுறியை ஒழுகுகிற இன்ஜெக்டரும் தரும், அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கிற பிரஷர் ரெகுலேட்டரும் தரும், இன்ஜினுக்குள் காற்றை அளந்து விடுகிற திராட்டில் பாடி அழுக்கேறினால் அதுவும் கொஞ்சம் தரும். கழற்றாமலே பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, நீங்களே செய்யலாம்.

முதல் நாள் காலை. வண்டியில் ஏறி ஏசி விசிறியையும் ரேடியோவையும் அணைத்துவிடுங்கள். கண்ணாடிகளை ஏற்றிக் கதவைச் சாத்துங்கள். வெளிச் சத்தம் எதுவும் வேண்டாம். சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள், செல்ஃப் அடிக்கக் கூடாது. டேஷ்போர்டு விளக்குகள் எரியும். அதே நேரம் பின்சீட்டுக்கு அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு மெல்லிய ரீங்காரம் இரண்டு விநாடி வந்து நிற்கும். அது பம்ப்பின் சத்தம். காது பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்காரரைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். சத்தம் நின்றதும் சாவியை ஆஃப் செய்து, ஐந்து விநாடி விட்டு, மறுபடி ஆன். இப்படி மூன்று முறை. நான்காவது முறை நேராக செல்ஃப் அடியுங்கள், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டால் பைப்பில் அழுத்தம் தங்கவில்லை என்பது உறுதி. பம்ப் மோட்டாரும் உயிரோடுதான் இருக்கிறது. பிடித்த கையோடு இறங்கிப் பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். இந்த வாசனை விஷயத்தை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, எனக்கு அது ரொம்ப முக்கியம்.

இரண்டாம் நாள் காலை. இந்த முறை சாவி விளையாட்டு வேண்டாம். ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசி மட்டும் அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்து, காலை எடுத்ததும் தடுமாறி அணையப் பார்த்தால், குறை காற்றில். திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும், அல்லது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது காற்று விடுகிற ஐடில் வால்வு சிக்கியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் போதும், புதுப் பொருள் எதுவும் வாங்க வேண்டியிருக்காது.

மூன்றாம் நாள் காலை, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் தரையோடு மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். இன்ஜெக்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் அப்படி மிதித்தால் வண்டியில் இருக்கிற கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். அப்போது திணறித் திணறிப் பிடித்துக் கறுப்புப் புகை தள்ளினால், உள்ளே ஏற்கெனவே பெட்ரோல் நிரம்பிக் கிடந்திருக்கிறது என்று பொருள். இன்ஜெக்டர் ஒழுகுகிறது. பிடித்தவுடன் காலை எடுத்துவிடுங்கள், இன்ஜின் சத்தம் போட்டு எகிறக் கூடாது.

எந்த நாளிலும் ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடித்தால் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். அந்தச் சின்ன மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது, கொஞ்ச நேரத்திலேயே கொதித்துவிடும்.

இப்போது விடையைப் பிரிப்போம். முதல் நாள் உடனே பிடித்தது, புகை இல்லை, பெட்ரோல் வாசனை இல்லை என்றால் பம்ப் வால்வோ ரெகுலேட்டரோதான். இப்படி வந்தால் பயப்பட எதுவும் இல்லை. வண்டி வழியில் நிற்காது, இன்ஜினுக்கும் கெடுதல் இல்லை. தினமும் காலையில் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து ரீங்காரம் நின்றபின் ஸ்டார்ட் செய்துகொண்டு மாதக்கணக்கில் ஓட்டலாம். கோடை விடுமுறை வரும்போது, கையில் காசு இருக்கும்போது சாவகாசமாகச் சரி செய்துகொள்ளுங்கள். இழுவை நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதும் இதற்கு ஆதரவாகத்தான் இருக்கிறது. பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருந்தாலோ பம்ப் பலவீனமாக இருந்தாலோ மேட்டில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கியிருக்கும்.

கறுப்புப் புகையும் பெட்ரோல் வாசனையும் வந்தால் மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஒழுகுகிற பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிவிடும், கீழே இறங்கி இன்ஜின் ஆயிலிலும் கலக்கும். ஆயில் அளக்கிற கம்பியை உருவிப் பாருங்கள். மட்டம் முன்பைவிட ஏறியிருக்கிறதா, நுனியில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? அடித்தால் அந்த வாரமே இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டுச் சுத்தம் செய்து, ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

மூன்று நாளும் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் கூலண்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா சூடாக இருக்கிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 'சூடாகத்தான் இருக்கிறது' என்று அது பொய் சொன்னால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்து ஊற்றும், வண்டி பிடிக்காது. அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினால் ராத்திரி நின்ற வண்டியில் கூலண்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகக் காட்ட வேண்டும். மல்டிமீட்டர் வைத்தால் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். பம்ப்போடு ஒப்பிட்டால் மிக மலிவான பொருள் இது. ஆனால் இதைப் பார்க்காமலேயே எத்தனையோ பம்ப்புகளை மாற்றிவிடுகிறார்கள்.

நானும் மாற்றியிருக்கிறேன், டீச்சர். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டி வந்தது. நெடுந்தூரம் ஓடிவிட்டு நிறுத்தினால் அரைமணி நேரத்துக்கு ஸ்டார்ட் ஆகாது, ஆறியதும் ஆகிவிடும். பெட்ரோல் வரவில்லை என்று பார்த்தேன், பம்ப்பை மாற்றினேன். ஒரே வாரத்தில் அந்த அண்ணன் மறுபடி வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நின்றார். இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் சூட்டில் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தியே போகாதபோது கம்ப்யூட்டர் பம்ப்பை ஓட்டாது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையாமல் கிடந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். பம்ப்புக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பெட்ரோல் அழுத்தத்தை அளக்கிற கேஜ் வைக்காமல் ஒரு பம்ப்பைக்கூட நான் கழற்றியதில்லை.

அதனால் உங்கள் மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா?" கோபமாகக் கேட்க வேண்டியதில்லை. பெட்ரோல் பைப்பின் இடையில் கேஜை மாட்டி பம்ப்பை ஓட விட்டால் முள் 3 கிலோ பக்கம் நிற்க வேண்டும். நிறுத்திய ஒரு நிமிடம் கழித்தும் 2 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் அது கண்ணெதிரே இறங்கலாம், அல்லது ஒரு மணி நேரத்தில் மெல்ல இறங்கலாம். எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிக்க ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் போட்டு அழுத்திப் பார்ப்போம். பம்ப்பிலிருந்து வரும் ஹோஸை அழுத்தியதும் முள் நின்றுவிட்டால் வால்வுதான் குற்றவாளி. டேங்க்குக்குத் திரும்பிப் போகும் ஹோஸை அழுத்தியதும் நின்றால் ரெகுலேட்டர். இரண்டையும் அழுத்தியும் இறங்கினால் இன்ஜெக்டர். பிளாஸ்டிக் பைப்பில் இந்த வேலை கூடாது, விரிசல் விட்டுவிடும். இதை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். அழுத்தத்தில் இருக்கிற பெட்ரோல், பைப்பைத் தளர்த்தியதும் முகத்தில் அடிக்கும், பக்கத்தில் ஒரு பொறி இருந்தாலும் தீ. பம்ப்புக்குக் கரண்ட் விடுகிற ரிலேயைக் கழற்றிவிட்டு இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் நாங்களே பைப்பில் கை வைப்போம்.

கேஜ் இல்லை என்று சொன்னால் கேஜ் இருக்கிற இன்னொரு பட்டறைக்குப் போங்கள். சோதனைக்குக் கூலி கேட்டால் கொடுங்கள், அது நியாயமான காசு. வால்வுதான் என்று தெரிந்தபின் பம்ப்பை மாற்றினால் அது வீண் செலவாகாது. வால்வு பம்ப்போடு சேர்ந்தே வருகிறது, தனியாகக் கிடைப்பதில்லை. சிலர் வெளியே பைப்பில் தனி வால்வு ஒன்றைச் சேர்த்துக் காசு மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்வார்கள். இன்ஜெக்டர் வண்டியின் அழுத்தத்துக்கு ஏற்ற வால்வா, கிளிப் தாங்குமா என்று உறுதியில்லாமல் பெட்ரோல் பைப்பை நடுவில் வெட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. பம்ப்பைக் கழற்றுகிற அன்று டேங்க்குக்குள் இருக்கிற சின்ன ஹோஸையும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு நல்லபடி இருந்து அந்த இரண்டு அங்குல ஹோஸ் வெடித்திருந்தாலும் இதே வியாதிதான்.

எத்தனால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் விற்க ஆரம்பித்தார்கள், இப்போது பரவலாக அதுதான் கிடைக்கிறது. உங்கள் 2011 வண்டியின் ரப்பர் பாகங்கள் அதை மனதில் வைத்துச் செய்தவை இல்லை. அதனால் ஹோஸும் ஓ-ரிங்கும் சீக்கிரம் இறுகிப்போக அது ஒரு காரணமாக இருக்கலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் போடக் கூடாது. தினமும் ஓடுகிற வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. குளிரில் எத்தனால் சீக்கிரம் ஆவியாகாது என்பதும் உண்மைதான், ஆனால் உடுமலைக் குளிர் அதற்குப் போதாது. எத்தனாலைக் காரணம் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடாது, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அது உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். 300 ரூபாய்க்கு, 500 ரூபாய்க்கு என்று பெட்ரோல் போட்டு எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிற பழக்கம். பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருப்பதே அதன் சூடு ஆறத்தான். டேங்க் காலியாகவே இருந்தால் பம்ப் சூட்டிலேயே ஓடி ஆயுளைக் குறைத்துக்கொள்ளும், அடியில் தங்கின கசடையும் உறிஞ்சும். கால் டேங்க்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி தொந்தரவுள்ள மற்றவர்களுக்கும் இரண்டு வரி. மழை நாளில் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பிளக் ஒயரையும், பிளக்குக்குக் கரண்ட் தருகிற காயிலையும் பாருங்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து செல்ஃப் அடித்தால் கரண்ட் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். டீசல் வண்டி குளிர் காலையில் மட்டும் அடம் பிடித்து வெள்ளைப் புகை விட்டால், ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்குகிற க்ளோ பிளக்கைப் பாருங்கள்.

அப்புறம் டீச்சர், யாராவது வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்துதரட்டுமா என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிற வண்டியைத் தள்ளுவதால் லாபம் ஒன்றுமில்லை, எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பெட்ரோலைத் துணியில் நனைத்து வைக்கிறேன் என்று வருபவரை வண்டிப் பக்கமே விடாதீர்கள். பழைய மாருதி 800ல் சோக் இழுத்து, ஆக்ஸிலரேட்டரை நாலு மிதி மிதித்து ஸ்டார்ட் செய்த பழக்கம் நிறையப் பேருக்கு இன்னும் காலில் இருக்கிறது. அது கார்புரேட்டருக்கு. உங்கள் வண்டியில் முன்கூட்டி எத்தனை மிதி மிதித்தாலும் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட உள்ளே போகாது.

வரும் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று காலையும் சோதித்துப் பாருங்கள். எத்தனையாவது நாள் பிடித்தது, புகையின் நிறம் என்ன, பெட்ரோல் வாடை அடித்ததா, ஆயில் கம்பியில் மட்டம் எங்கே நின்றது என்று இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். மெக்கானிக்கிடம் வாயால் சொல்லாமல் இதே நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் கேஜ் வைத்தால் முள் காட்டிய அளவையும் அதே தாளில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அளவு தெரிந்ததும் பம்ப்பா, ரெகுலேட்டரா, இன்ஜெக்டரா என்று நானே உங்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன்.